முதுகு தேய்க்க ஓர் ஆள்

இஞ்சோன்
நவம்பர் 3

அக்கா,

கைபேசியில் என்னைப் பிளாக் செய்துவிட்டாய். சரி. உங்கள் பொதுக் குளியல்கூடத்துத் தொலைபேசிக்கு அழைத்தால் அத்தான் எடுத்து, "உங்க அக்கா வெந்நீர்த் தொட்டி கழுவறா, அப்புறம் பேசுவா" என்கிறார். அடுத்த நாளும் அதே தொட்டி. அதற்கடுத்த நாளும் அதே தொட்டி. அவ்வளவு அழுக்கான தொட்டியிலா தொங்யொங் பெண்கள் எல்லாம் குளிக்கிறார்கள்? அதனால்தான் கடிதம். தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாது.

அன்றைக்கு நான் பாதி சொல்வதற்குள் நீ கத்த ஆரம்பித்துவிட்டாய். இப்போது முழுதாய்ச் சொல்கிறேன். அம்மா மார்புப் புற்றுநோயில் போனபோது அவளுக்கு நாற்பத்து நாலு வயது. சின்னம்மாவும் அதே நோயில்தான், அம்மாவைவிடச் சின்ன வயதில் போனாள். இதைக் கேட்ட டாக்டர் என் ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். அவர்கள் வழியில் வந்த கோளாறு என் மரபணுவிலும் இருக்கிறது. எனக்கு இன்றைக்கு நோய் இல்லை, நன்றாகக் கேட்டுக்கொள், இல்லை. ஆனால் வராமல் போவதைவிட வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் வருவதற்கு முன்பே இரண்டு மார்பையும் எடுத்துவிடப் போகிறேன். டிசம்பர் 5 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள்.

நீயும் சோதித்துக்கொள். கூடப் பிறந்தவளுக்கு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டாம். உனக்கு இருந்தால் உன் மகள் போரமுக்கும் அதே பாதிக்குப் பாதி. அவளிடமும் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் காப்பாளர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்கிறார்கள். எட்டு வயதிலிருந்து பள்ளிக்கூடத்தில் காப்பாளர் என்ற இடத்திலெல்லாம் உன் பெயரைத்தான் எழுதினேன். கை தானாக அதையே எழுதப் போயிற்று. நிறுத்திவிட்டு, கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வருகிறாயா?

ஹேவொன்


தொங்யொங்
நவம்பர் 11

ஹேவொனுக்கு,

உன் கடிதத்தை அத்தான் படிப்பதற்கு முன்னால் வாங்கிவிட்டேன். இனிமேல் வெளியே இஞ்சோன் ஆஸ்பத்திரி முத்திரை குத்திய உறையில் அனுப்பாதே. வீட்டில் வேறு உறையே இல்லையா உனக்கு?

கேட்கிறேன், பதில் சொல். நோய் இல்லை என்று நீயே எழுதுகிறாய். இல்லாத நோய்க்கு எவளாவது உடம்பை அறுத்துக்கொள்வாளா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான் இது. உடம்பு, முடி, தோல் எல்லாம் பெற்றவர்கள் கொடுத்தது, அதில் கீறல் விழாமல் காப்பதுதான் பிள்ளையின் முதல் கடமை என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்தோமே, எங்கே போயிற்று அது? எனக்கு ஐம்பத்தொரு வயது. அம்மா வயதையும் சின்னம்மா வயதையும் தாண்டி ஏழு வருடமாகக் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். மாதத்துக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. வருவதாயிருந்தால் எனக்குத்தானே முதலில் வந்திருக்கும்?

நீ குளியல்கூடத்தில் வளர்ந்தவள். ஒன்றை யோசி. நாளைக்கு இங்கே வந்தால் எந்த முகத்தோடு உடுப்பைக் கழற்றுவாய்? குளிக்க வரும் சந்தைக்காரிகள் உன் முகத்தைப் பார்ப்பார்களா, நெஞ்சைப் பார்ப்பார்களா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

இப்போது முக்கியமான விஷயம். போரமுக்கு இடம் கூடியிருக்கிறது. பையன் ஜிஞ்ஜுவில் பள்ளி ஆசிரியர், தங்கமான பையன். இரண்டு குடும்பமும் உட்கார்ந்து சாப்பிடும் நாள் 23ஆம் தேதி. முதல் தடவை பேசும்போதே பையனின் அம்மா கேட்டாள், "பொண்ணோட பாட்டி எப்படித் தவறினாங்க?" வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். பஸ் மோதி இறந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே நீயும் அதையே சொல். இல்லையென்றால் வராதே. கல்யாணம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிரு. அப்புறம் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்.

நெத்திலியும் காய்ந்த சிப்பியும் அனுப்பியிருக்கிறேன். இட்ட உப்பு போதும், மேலே உப்பு போடாதே.

அக்கா


இஞ்சோன்
நவம்பர் 17

பஸ்ஸா, அக்கா?

வேறு வண்டியே கிடைக்கவில்லையா உனக்கு? லாரி இல்லையா, ரயில் இல்லையா, கடலில் படகு கவிழவில்லையா? உன் தங்கை பத்து வருடமாக ஓட்டுவது என்ன என்று மறந்துபோனதா? இன்று காலை முதல் வண்டியை எடுத்தபோது கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்து நானே சிரித்தேன். அப்புறம் மூன்று நிறுத்தம்வரை அழுதுகொண்டே ஓட்டினேன். ஏறிய கிழவர் ஒருவர் "டிரைவரம்மா, வெங்காயம் நறுக்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, என் பக்கத்தில் ஒரு ஆரஞ்சை வைத்துவிட்டுப் போனார்.

அம்மா எப்படிச் செத்தாள் என்று உனக்குத் தெரியும். கடைசிக் குளிர்காலத்தில் அவள் கை வீங்கி, குளிராடைக்குள் நுழையாமல், நீ தையலைப் பிரித்துப் போட்டுவிட்டாய். நான் எட்டு வயதில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு வலியையும் தாங்கியவளை ஒரு நொடியில் பஸ்ஸுக்கு அடியில் தள்ளிவிட்டாயே. அவள் பட்ட பாடெல்லாம் பொய்யா?

பெற்றவர்கள் கொடுத்த உடம்பு என்கிறாய். போரமுக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வு முடிந்ததும் பரிசாகக் கண்ணிமையை வெட்டி மடிப்பு வைத்துக் கொடுத்தாயே, அது யார் கொடுத்த உடம்பு? ஊரெல்லாம் புகைப்படம் காட்டினாய். அழகுக்கு வெட்டினால் பரிசு, உயிருக்கு வெட்டினால் பாவமா?

நான் தைரியசாலி என்று நினைத்துவிடாதே. குளிக்கும்போது கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். இவை எனக்கு ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை, பாவம். இவற்றிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மயக்கத்திலிருந்து எழுந்து குனிந்து பார்க்கிற அந்த நிமிடம்தான் எனக்குப் பயம். அந்த நிமிடத்தில் நீ பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது திட்டிக்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது.

வேண்டாம். எங்கள் டிப்போவில் பியோ அக்கா என்று ஒருத்தி இருக்கிறாள். கணவன் இறந்தவள், வாய் ஓயாதவள். "நான் வர்றேன்டி, அந்த ஆஸ்பத்திரி கேன்டீன்ல சூப் நல்லாருக்கும்" என்றாள். அவள் பெயரைப் போட்டுவிட்டேன். உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "பஸ்" என்று எழுதச் சொன்னாள்.

23ஆம் தேதி நான் வரவில்லை.

ஹேவொன்


தொங்யொங்
டிசம்பர் 9

ஹேவொன்,

பெட்டியில் மேலே இருப்பது கிம்ச்சி. இதை இப்போதே சாப்பிடலாம். கீழே நீலக் கயிறு கட்டியது புளிக்க வேண்டியது, ஜனவரிக்கு மேல் எடு. பைகளில் இருப்பது விரால் சாறு, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அறுத்த புண்ணுக்கு விராலைவிட மருந்து கிடையாது. மஞ்சள் பையில் பூசணிச் சாறு, வீக்கத்துக்கு. நாற்றமடிக்கிறது என்று கொட்டிவிடாதே. பக்கத்தில் யாராவது இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் குடி.

5ஆம் தேதிதான் இங்கே குளிர்காலக் கிம்ச்சி போட்டோம். வேண்டுமென்றே அந்த நாளைப் பிடித்தேன். நூறு முட்டைக்கோசையும் முந்தின நாளே உப்பில் போட்டுவிட்டால் அப்புறம் நினைத்தாலும் ஊரை விட்டு நகர முடியாது பார். வெளியே சொல்வதற்கும் ஒரு காரணம் வேண்டும். எதிர்வீட்டுக்காரி வந்து, "என்ன கும்ரான், மிளகாய்த்தூளையே திரும்பத் திரும்பப் போடறே?" என்றாள். மிளகாய் நெடி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் பயந்துவிட்டேன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ படுத்திருப்பதைப் பார்த்தால் அம்மா முகம்தான் தெரியும். அந்த முகத்தை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது.

குடும்பச் சந்திப்பு நன்றாக நடந்தது. சம்பந்தியம்மா மரியாதையானவள், அளந்து பேசுகிறாள், அளந்து சாப்பிடுகிறாள். என் தங்கை எங்கே என்று கேட்டாள். இஞ்சோனில் பஸ் ஓட்டுகிறாள், லீவு கிடைக்கவில்லை என்று அத்தான் உளறிவிட்டார். சம்பந்தியம்மா உடனே சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். "அம்மாவைப் பறிச்ச பஸ்ஸையே ஓட்டறாங்களா! எப்பேர்ப்பட்ட மனசு வேணும் அதுக்கு!" என்று கண் கலங்கிவிட்டாள். போரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் நம் குளியல்கூடத்துக்கு வந்து நீராடிவிட்டுப் போக வேண்டும் என்று அவளாகவே கேட்டிருக்கிறாள்.

வலிக்கிறதா? யார் தலைக்கு ஊற்றுகிறார்கள்? ஒரு வரி போடு.

அக்கா


இஞ்சோன்
டிசம்பர் 27

அக்கா,

பியோ அக்கா தலைக்கு ஊற்றுகிறாள். சோப்பு கண்ணில் போகிறது. உன்னை மாதிரிக் கையை நெற்றியில் அணைபோட்டு ஊற்றத் தெரியாது அவளுக்கு. இரண்டு பக்கமும் நீர் வடியக் குழாய் வைத்திருந்தார்கள், எடுத்துவிட்டார்கள். கையைத் தோளுக்கு மேல் தூக்க வராது. மேல் அலமாரியில் இருக்கும் கோப்பை எல்லாம் இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும்.

கண் விழித்தபோது பியோ அக்கா சொன்ன முதல் வார்த்தை, "சூப் தீந்துபோச்சுடி." சிரித்தேன், வலி உயிர் போயிற்று. அதற்கப்புறம்தான் குனிந்து பார்த்தேன். கட்டுதான் இருந்தது. கட்டுப் பிரித்த நாளில் பார்த்தது வேறு. அதைப் பற்றி இன்னும் எழுத வரவில்லை. மறுபடி மார்பு செய்து வைக்கட்டுமா என்று டாக்டர் முன்பே கேட்டிருந்தார். வேண்டாம் என்றிருந்தேன். அன்றைக்கு ஒரு நாள் முழுக்க, ஏன் வேண்டாம் என்றோம் என்று இருந்தது. மறுநாள் அப்படி இல்லை. அப்புறம் மறுபடி அப்படி இருந்தது.

எடுத்ததைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை, சுத்தம். நீ இப்போது என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். 'பார்த்தாயா, சும்மா அறுத்துக்கொண்டாள்' என்று. நினைத்துக்கொள். எனக்கும் அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது முதலில் அதுதான் தோன்றியது, ஒரு குற்றமும் செய்யாததை வெட்டிப் போட்டோமே என்று. அப்புறம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கனவில்லாமல் தூங்கினேன். எனக்கு இனிமேல் அம்மாவின் வயது ஒரு சுவர் இல்லை, அக்கா. முப்பத்தெட்டு வரும், நாற்பத்து நாலு வரும், போகும்.

விரால் சாறு குடிக்கிறேன். நாற்றம் தாங்க முடியவில்லை.

ஒரே ஒன்று. நீ வராததைக்கூட மன்னிப்பேன். ஆனால் சோதனை செய்துகொள்ளாமல் இருந்து உனக்கு ஏதாவது வந்தால் மன்னிக்க மாட்டேன். நீ செத்த பிறகும் திட்டுவேன். உன் திதிக்குப் படையல்கூட வைக்க மாட்டேன்.

ஹேவொன்


தொங்யொங்
ஜனவரி 21

ஹேவொன்,

சம்பந்தியம்மா வந்தாள். என்ன நடந்தது என்று உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். தொலைபேசியில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் கதவடைக்கும் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வரட்டுமா என்று கேட்டாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். சம்பந்திக்காகத் தொட்டியைப் புதிதாய் நிரப்பி, முட்டை வேகவைத்து, அரிசிப் பானம் குளிரவைத்துக் காத்திருந்தேன். வந்தாள். உடை மாற்றும் அறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கழற்றினாள். துண்டை மடித்து வைத்தாள். அப்புறம் திரும்பினாள்.

இடது மார்பு இல்லை. கக்கத்திலிருந்து நடு நெஞ்சுவரை வெள்ளையாய் ஒரு தழும்பு.

"பதினோரு வருஷம் ஆச்சு சம்பந்தியம்மா" என்றாள். "ஓட்டல்ல உக்காந்து சொல்ற விஷயமா இது? கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா, ஏமாத்திட்டாங்கன்னு உங்களுக்குத் தோணும். குளிக்கற இடத்துல ஒளிக்க முடியாதுல்ல, அதான் இங்க வரேன்னு கேட்டேன். உங்களுக்குப் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் வருத்தப்பட மாட்டேன்."

தொட்டியில் இறங்கினோம். அவள் பாட்டுக்கு மகனைப் பற்றிப் பேசினாள். முதுகு தேய்த்துவிடுகிறேன் என்று பச்சைத் துணியுறையைக் கையில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தேன். எத்தனை முதுகு தேய்த்திருப்பேன் இந்தக் கையால்! அன்றைக்குத் தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு உன் நினைப்புதான். எந்த முகத்தோடு உடுப்பைக் கழற்றுவாய் என்று உனக்கு எழுதினேனே, அதே இடத்தில் அவள் கழற்றிவிட்டு நின்றாள், பொய் சொன்ன நான்தான் குனிந்துகொண்டிருந்தேன்.

சொல்லிவிட்டேன். அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன். பஸ் இல்லை, இந்த நோய்தான் என்றேன். சின்னம்மாவைச் சொன்னேன். உன்னைச் சொன்னேன்.

அவள் திரும்பவே இல்லை. "என் பக்கமும் இருக்கு, உங்க பக்கமும் இருக்குன்னா… பிறக்கற குழந்தைங்களுக்கு?" என்றாள். தன்னுடையது வழிவழியாக வருகிற வகைதானா என்று இதுவரை யாரும் பார்க்கவில்லையாம். அப்புறம் எழுந்து உடுத்திக்கொண்டாள். முட்டையைத் தொடவில்லை. வாசலில் என் கையைப் பிடித்தாள், அழுத்தினாள், போய்விட்டாள். இன்றுவரை அங்கிருந்து ஒரு பேச்சும் இல்லை. என்மேல் கோபமா, பயமா, தெரியவில்லை. அவள் உண்மையைச் சொன்னதற்கு நான் செய்த மரியாதை இது.

போரமிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். நோயைக் கேட்டு அவள் அழவில்லை. "பாட்டி பஸ்ல அடிபட்டுச் செத்தாங்கன்னு என்னையும் சேர்த்து நம்ப வெச்சிருக்கியேம்மா. சித்தி ஆபரேஷன் பண்ணிட்டுத் தனியா கிடந்தப்ப, நான் இங்க கல்யாண உடுப்பு பார்த்துட்டு இருந்தேன்" என்றாள். என்னோடு பேசுவதில்லை. சோற்றை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறாள்.

நாளைக்குப் புசானில் ரத்தம் கொடுக்கப் போகிறேன்.

அக்கா


இஞ்சோன்
ஜனவரி 28

அக்கா,

போரம் இங்கே வந்திருந்தாள். உனக்குச் சொல்லாமல் வந்தாள் என்பதால் சொல்கிறேன், திட்டாதே. "பாக்கலாமா சித்தி?" என்று கேட்டாள். காட்டினேன். பியோ அக்காவுக்கும் டாக்டருக்கும் அப்புறம் அவள்தான். பார்த்துவிட்டு, "வலிக்குதா?" என்றாள். குளிருக்குத்தான் இழுக்கிறது என்றேன். தன் கழுத்துத்துணியை எடுத்து எனக்குச் சுற்றிவிட்டாள்.

சோதனை செய்யச் சொல்லி அவளை நான் விரட்டவில்லை. நீயும் விரட்டாதே. உன்னை விரட்டியது வேறு, நீ எருமை.

உன் சம்பந்தியம்மாவைப் பார்க்காமலே எனக்குப் பிடித்திருக்கிறது. பயந்துபோயிருப்பாள், பாவம். காத்திரு.

நாளையிலிருந்து டிப்போவில் அரை நாள் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஸ்டியரிங் பிடிக்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும். முடிவு வந்ததும் எழுது.

ஹேவொன்


தொங்யொங்
பிப்ரவரி 25

ஹேவொன்,

எனக்கும் இருக்கிறது.

ரத்தம் கொடுக்கப் போன அன்றைக்கே மார்பையும் படமெடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். வலது பக்கம் ஒரு கட்டி தெரிந்தது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள், அம்மாவுக்கு வந்த அதே நோய்தான். சோயா விதை அளவுதான், சீக்கிரமே பார்த்துவிட்டோம் என்று டாக்டரம்மா சொல்கிறாள். நல்ல பெண். அவள் பேசும்போதெல்லாம் நான் தலையாட்டினேன், வெளியே வந்ததும் ஒன்றுகூட நினைவில் இல்லை. அத்தான் இரண்டாவது தடவை போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

கல்லுக்குண்டு என்று எழுதினேனே. எந்த வாயால் எழுதினேன்!

உனக்கு ஒன்றும் இல்லை என்று காகிதம் வந்தபோது, நீ சொன்ன மாதிரியே நினைத்தேன், சும்மா அறுத்துக்கொண்டாள் என்று. இப்போது எனக்கு இருக்கிறது என்று காகிதம் வந்திருக்கிறது. உன் காகிதத்துக்காக நான் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன். நீ நோய் வருவதற்கு முன்னால் அறுத்துக்கொள்ளப் போனாய், நான் வந்த பிறகு போகிறேன். இரண்டையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். மார்ச் 12, புசானில். அப்புறம் மருந்தும் ஏற்றுவார்களாம், முடி கொட்டுமாம். பெற்றவர்கள் கொடுத்த முடி.

சம்பந்தியம்மா அழைத்தாள். கல்யாணத்தை இலையுதிர்காலத்துக்குத் தள்ளலாம் என்றாள். "தள்ளத்தான் சொல்றேன், நிறுத்தச் சொல்லலை" என்று இரண்டு தடவை சொன்னாள். அது அவள் மகனுக்காகச் சொன்னதா, எனக்காகச் சொன்னதா, தெரியவில்லை. அவளும் ரத்தம் கொடுத்திருக்கிறாள். பையன் சனிக்கிழமை தோறும் வருகிறான், போரமோடு துறைமுகத்தில் நடக்கிறார்கள். என்ன பேசுகிறார்களோ. போரம் இன்னும் சோதிக்கவில்லை. ஆனால் நேற்று என் தட்டில் மீன் முள் எடுத்து வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் காப்பாளர் யார் என்று கேட்டார்கள். அத்தான் பேனாவை எடுத்தார். நான் வாங்கி உன் பெயரை எழுதிவிட்டேன். கேட்காமல் எழுதிவிட்டேன். எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று தெரியும். டிசம்பரில் நான் கோசுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தவள். நீ வரவில்லை என்றால் பெயரை அடித்துவிட்டு அத்தான் பெயரை எழுதச் சொல்கிறேன், ஒன்றும் நினைக்க மாட்டேன்.

ஆனால் பயமாயிருக்கிறது, ஹேவொன். குனிந்து பார்க்கிற அந்த நிமிடம்தான் எனக்கும் பயம்.

அக்கா


இஞ்சோன்
மார்ச் 1

அக்கா,

என் பெயரை அடித்தால் கையை முறிப்பேன்.

எனக்கு 10ஆம் தேதியிலிருந்து லீவு. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, குளியல்கூடம் மூடியிருக்கும். காலை வண்டியிலேயே வந்துவிடுகிறேன். தொட்டியை நிரப்பி வை. முட்டை வேகவை, சம்பந்தியம்மாவுக்குச் செய்ததைவிட இரண்டு அதிகமாக. நான் உன் எதிரே உடுப்பைக் கழற்றுவேன். நீ நன்றாகப் பார்த்துக்கொள், அழுவதென்றால் அங்கேயே அழுதுகொள், தண்ணீரோடு தண்ணீராய்ப் போகட்டும். 12ஆம் தேதி குனிந்து பார்க்கும்போது உனக்குப் புதிதாய் ஒன்றும் இருக்காது. ஏற்கெனவே பார்த்ததுதான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து நான் திட்டிக்கொண்டிருப்பேன்.

ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச காலம் நீ தொட்டியில் இறங்க முடியாது. அதனால் அன்றைக்கு உன் முதுகை நான் தேய்க்கிறேன். வலது கை இன்னும் முழுதாய்த் தூக்க வராது, பாதி முதுகுதான் தேய்ப்பேன். மீதிப் பாதியைப் போரம் தேய்க்கட்டும். அவளிடம் நானே கேட்டுவிட்டேன், சரி என்றாள்.

ஹேவொன்